கூடைக்குப் பின்னால் சுருளியம்மாள்

சுருளியம்மாள் கம்பம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பன்னிரண்டாம் வயதில் தேவிகுளத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு வந்தவள். அம்மை கண்டு பிழைத்ததில் இடக்கன்னம் முழுதும் குழிகள். கொழுந்து கிள்ளுவதில் அந்த மலையில் அவளுக்கு இணை கிடையாது. ஆயினும் 1926-ஆம் ஆண்டு தோட்டத்துரை எடுப்பித்த குழுப்படத்தில் அவளுக்கு முகம் இல்லை.

படம் எடுத்தவர் போடிநாயக்கனூர் சிலுவைராஜ். பெண்களை வரிசைப்படுத்தியவள் கங்காணியின் மனைவி முத்துப்பேச்சி.

“ஏட்டி, ஒன் மூஞ்சி படத்தையே கெடுத்துரும். கூடைய முன்னால தூக்கிப் பிடி.”

பிடித்தாள். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் மாட்டப்பட்ட அப்படத்தில், கால் முளைத்த கூடை ஒன்று நின்றது. மாலைதோறும் பெண்கள் அதைக் காட்டிச் சிரித்தனர். சுருளியம்மாளும் உடன் சிரித்தாள். ஆனால் முத்துப்பேச்சியை அவள் மன்னிக்கவில்லை.

தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளில் குளிர்காற்று புகும் இடுக்குகளை அடைக்க, துரையின் பங்களாவில் கழித்த படப் பத்திரிகைத் தாள்களைக் கஞ்சியால் ஒட்டுவது வழக்கம். அவள் அடுப்புக்கு மேலே ஒரு வெள்ளைக்காரி இருந்தாள்: தொப்பி, முத்துமாலை, ஒருபுறம் திரும்பிய முகம். ஒரு கன்னத்தில் சன்னல் வெளிச்சம். மறு கன்னம் இருளில். பல நாள் பார்த்த பிறகே சுருளியம்மாளுக்குப் புலப்பட்டது: இவளும் ஒரு கன்னத்தை மறைக்கிறாள், கூடை இல்லாமல் மறைக்கிறாள். அன்று முதல் வாசலோரத் தண்ணீர்த் தொட்டியில் தன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தாடையை எவ்வளவு தாழ்த்துவது, தோளை எங்கே நிறுத்துவது என்று மாதக்கணக்கில் பயின்றாள்.

கொட்டகைப் படத்தையும் அதே கண்ணால் ஆராய்ந்தாள். படம் எடுத்த அன்று நோன்புக்காக, உடன் கொழுந்து கிள்ளும் மூக்கம்மாள் ஒருத்தி மட்டும் மஞ்சள் பூசி வந்திருந்தாள். படத்தில் அவள் முகம், கண்ணும் மூக்கும் தெரியாமல் கரியால் மெழுகியதுபோல் இருந்தது. மஞ்சள் அந்தப் படப்பெட்டிக்குள் ஏன் கறுப்பாகிறது என்பது சுருளியம்மாளுக்குத் தெரியாது. ஆகிறது என்பது தெரிந்தது, அது போதுமாயிருந்தது.

மறு ஆண்டு மாரியம்மன் கொடைக்குச் சிலுவைராஜ் மீண்டும் வந்தார். பழைய படத்தின் இடத்தில் புதியதை மாட்டவேண்டும் என்பது துரையின் உத்தரவு. சுருளியம்மாள் விடியலிலேயே பூசுமஞ்சளை வெண்ணெயாக அரைத்துக் கங்காணி வீட்டுக்குக் கொண்டு சென்றாள்.

“நல்லா அப்பிப் பூசுங்க, கங்காணியம்மா. நடுவுல ஒக்காரப் போறது நீங்கதான.”

தூறல் விழுந்ததால் எல்லோரையும் கொட்டகைக்குள் நிறுத்தினார்கள். முத்துப்பேச்சியைக் கண்டு சிலுவைராஜ் தயங்கினார்.

“மஞ்சளக் கொஞ்சம் தொடச்சுட்டா நல்லதும்மா.”

“நீரு படம் புடிக்க வந்தீரா, எனக்கு மூஞ்சி கழுவ வந்தீரா?” என்ற முத்துப்பேச்சி, பின்னர் ஓரத்தில் நின்ற சுருளியம்மாள் பக்கம் திரும்பி, “ஏட்டி கூடைக்காரி, மறந்துறாத,” என்றாள்.

சுருளியம்மாள், கொட்டகையின் திறந்த பக்கம் தனக்கு வலப்புறம் இருக்கும்படி, முகத்துக்கு நேரே கூடையைப் பிடித்து நின்றாள். சிகைக்காய் தேய்த்து, மஞ்சளின் சுவடே இல்லாமல் கழுவிய முகம்.

“இருக்கது ஒரே படத்தகடு. ஆறு எண்ணுத வரைக்கும் யாரும் அசையக் கூடாது,” என்று கூறிச் சிலுவைராஜ் பெட்டியின் மூடியைத் தொட்டார். அவர் கை தொட்ட கணத்தில் கூடை அவள் இடுப்புக்கு இறங்கியது. முகம் வெளிச்சத்துக்குத் திரும்பியது, தாடை தாழ்ந்தது, இடக்கன்னம் இருளுக்குள் போனது. முத்துப்பேச்சி அதைக் கடைக்கண்ணால் கண்டுவிட்டாள். ஆனால் எண்ணிக்கை தொடங்கிவிட்டது. ஆறு எண்ணும் வரை அவளால் வாய் திறக்க இயலவில்லை.

ஒரு மாதத்தில் படம் வந்தது. நடுவில் பட்டுச்சேலை, மூன்று சங்கிலிகள். அவற்றுக்குமேல் ஒரு கரித்திட்டு. ஓரத்தில் ஒளிபட்ட முகத்தோடு நின்றவளைக் காட்டித் துரை, “யார் இது?” என்று கேட்டார்.

“மஞ்சள்ல என்னட்டி கலந்த?” என்றாள் முத்துப்பேச்சி.

“ஒண்ணும் கலக்கல. நல்ல மஞ்சள்தான், கங்காணியம்மா.”

அந்த மழைக்காலம் முழுதும் அட்டை கடிக்கும் சரிவுதான் சுருளியம்மாளுக்குக் கிடைத்தது. முணுமுணுக்காமல் போனாள். படத்தைக் கழற்றத் துரை இசையவில்லை. மாலையில் இரத்தம் கசியும் கால்களோடு வந்து, கூடையைத் தராசுக்குக் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி நிற்பாள். குறுக்கே முத்துப்பேச்சி வந்தால், எல்லோர் காதிலும் விழும்படி, மிகப் பணிவாகச் சொல்வாள்:

“செத்தத் தள்ளி நில்லுங்க, கங்காணியம்மா. ஒங்க படத்த மறைக்கீக.”