மூன்று கட்டம் மேலே

தஸ்நேவிஸின் பாட்டைக் கெடுத்தது நான்தான். அவன் தொண்டை கெடவில்லை. கெட்டது என் புத்தி.

இதை உங்களிடம் சொல்வதால் நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று நினைக்கிறேனா? இல்லை. மன்னிக்க நீங்கள் யார்? உங்களுக்கு நான் ஒரு துரோகமும் செய்யவில்லையே. கேட்டால் போதும்.

எழுபத்தொன்றிலோ இரண்டிலோ நாங்கள் மூன்று பேர் ஒரு குழுவாகப் பாடிக்கொண்டு திரிந்தோம். நான் கிட்டார். என் மச்சான் கஸ்மீர் பாஞ்சோ வாசிப்பான், அதுவும் ஒரு கம்பி வாத்தியம். கப்பல்காரன் அவன்; அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் அதை வாங்கி, கூடவே அந்த ஊர் நாட்டுப்பாடல் ரெக்கார்டுகளையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தான். பாடுகிறவன் தஸ்நேவிஸ். ரயிலைப் பற்றி, சுரங்கத்தைப் பற்றி, திரும்பிப் போக முடியாத வீட்டைப் பற்றி அந்தப் பாட்டுகள். தூத்துக்குடியில் பஸ் ஏறி புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு என்று திருவிழாவுக்குத் திருவிழா போவோம். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாத பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார்கள். அவர்கள் வீட்டு ஆம்பிளைகளெல்லாம் கடலில் அல்லவா? தஸ்நேவிஸின் குரலே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கிட்டாரின் கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்க ஒரு கிளிப் மாட்டுவோம். கட்டம் கட்டமாக அதை ஏற்ற ஏற்ற, பாட்டின் சுருதியும் ஏறும். எந்தப் பாட்டுக்கு எந்தக் கட்டம் என்பது என் பொறுப்பு. தஸ்நேவிஸ் சங்கீதம் படித்தவனில்லை. கண்ணை மூடிக்கொள்வான், நான் மீட்டுகிற முதல் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பாடுவான். "நீ எங்க வைக்கியோ அங்கதாம்ல நான் நிப்பேன்" என்பான்.

மணப்பாட்டில் ஒரு கல்யாணம். மாலை வரவேற்பில் எங்கள் பாட்டு. கஸ்மீர் மறுபடி கப்பலேறிப் போயிருந்தான், நாங்கள் இருவர்தான். மெட்ராஸில் ஓட்டல் ஒன்றில் இசைக்குழு நடத்துகிறவர் விருந்தாளியாக வந்திருந்தார். மேடைக்குப் பின்னால் என்னைத் தனியே கூப்பிட்டு, "பாடுறவர் பிரமாதமா பாடுவாராமே? கேட்டுப் பிடிச்சிருந்தா கூட்டிட்டுப் போறேன். வாசிக்க எங்ககிட்ட ஆள் இருக்கு" என்றார்.

வாசிக்க ஆள் இருக்கு... நான் வேண்டாம் என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொல்லிவிட்டார்!

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். தஸ்நேவிஸ் உப்பளத்தில் வெள்ளை வெயிலில் கண் கூசக் கூச நின்று வேலை பார்க்கிறவன். அவனுக்கு இது விடிவு என்று எனக்குத் தெரியும். ஆனால் அவன் போய்விட்டால்? கிட்டார் இருக்கும். அதை வைத்துக்கொண்டு யாருக்கு வாசிக்க? பிரியத்தால் செய்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிரியமா அது? பிரியம் இப்படியா செய்யும்?

கிளிப்பை மூன்று கட்டம் மேலே ஏற்றி மாட்டினேன்.

முதல் சத்தம் கேட்டதும் அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். சரிதான் என்று தலையாட்டினேன். நம்பிக் கண்ணை மூடிக்கொண்டான்.

உச்சி வரி வந்தபோது குரல் கீச்சென்று உடைந்தது. மறுபடி முயன்றான், மறுபடி உடைந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மெட்ராஸ்காரர் பந்திக்கு எழுந்து போனார்.

என் கிட்டாரை அவன் சந்தேகப்படவில்லை. தன் தொண்டையைச் சந்தேகப்பட்டான். "போச்சுல... உப்புக்காத்து தின்னுட்டு" என்றான். அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை. மாதா கோயிலில் பூசைப் பாட்டுக்குக்கூட உதட்டை மட்டும் அசைப்பான். அன்றைக்குத் தன் தோளைப் பிடித்து அழைத்து வந்தவன் என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் சொன்னான். தனக்கு மகள் பிறந்ததும் ஞானஸ்நானத்தில் என்னையே ஞானத்தகப்பனாக நிறுத்தினான்; அந்த உறவில் நாங்கள் ஒருவருக்கொருவர் கும்பாதிரி ஆனோம். பிள்ளைக்காக, பசாசை விட்டுவிடுகிறாயா என்று சாமியார் கேட்டதற்கு, "விட்டுவிடுகிறேன்" என்று பதில் சொன்னேன். வாய் கூசவில்லை.

ஈஸ்டருக்கு முன்னால் வருஷா வருஷம் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். பொறாமைப்பட்டேன் சாமி என்பேன். யார்மேல், என்ன செய்தேன்... சொன்னதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தஸ்நேவிஸின் மகளுக்குப் புதுநன்மை, முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், அப்பா ஒரு பாட்டுப் பாடணும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். தஸ்நேவிஸ் கூச்சத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஏல, கிட்டாரை எடு. வீட்டு ஆளுகதான இருக்காவ. கொஞ்சம் கீழ வையில, முன்ன மாதிரி எனக்கு எட்டாது."

கிளிப்பைப் பழைய கட்டத்தில் மாட்டினேன். அவன் எப்போதும் பாடிய இடம் அது. ஒரு பொட்டுகூடக் கீழே இறக்கவில்லை. பாடினான். உச்சி வரியில் குரல் போய் அப்படியே நின்றது, ஒரு கீறல் இல்லாமல். இப்போதாவது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தான். "நீ கீழ இறக்கி வச்சதாலதாம்ல பாட முடிஞ்சுது."

"ஆமால" என்றேன்.