ஹெலி போட்ட நோட்டீஸ்

எங்கள் நாட்டின் போர்க்கால ஜனாதிபதி ஒருவருடைய முகம் அச்சடித்த சாமான்களை நான் சேர்த்து வைக்கிறேன். இதை நோர்வேக்காரரிடம் சொன்னால், தபால்தலை சேர்ப்பவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துச் சிரிப்பார்கள். எங்கள் ஆட்களிடம் சொன்னால் ஓரடி பின்னால் போய் நின்று பார்ப்பார்கள். தமிழ்க்கடையில் ஒருவர், கையில் பிடித்த முருங்கைக்காயோடு, கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி கேட்டார்: "என்ன, நீர் அவன்ரை ஆளோ?"

நான் எவருடைய ஆளும் இல்லை. எனக்கு இருப்பது கடதாசிப் பசி. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விசாரணையில், நீ சொல்வதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். ஊரை விட்டு ஓடும்போது எரித்தது பாதி, புதைத்தது பாதி. என்னிடம் இருந்தது வாய் ஒன்றுதான். அதை அவர்கள் நம்புவதற்கு இரண்டு வருடம் எடுத்தது. அன்றிலிருந்து கடதாசி இல்லாத பேச்சைக் கேட்டால் எனக்கு உடம்பு அரிக்கும். அதனால்தான் அந்த முகம். அவர்களே அடித்து, அவர்களே முத்திரை குத்திய கடதாசியை அவர்களாலேயே இல்லை என்று சொல்ல முடியாதல்லவா?

தேர்தல் பட்ஜ், அரசாங்கக் கலண்டர், முகம் இல்லாவிட்டாலும் அவர் காலத்து முத்திரை குத்திய, ஊரை விட்டு வெளியே போவதற்கு வாங்கிய பாஸ், கொழும்பு லொட்ஜில் பொலிஸ் பதிவுத் துண்டு, எல்லாம் என்னிடம் இருக்கின்றன. பாதி இங்கேயே கிடைத்தவை. சமாதானப் பேச்சு என்று அங்கே போய்வந்த நோர்வேக்காரர் கொண்டுவந்த பரிசுப் பொருட்கள், அவர்கள் கண்மூடிய பிறகு பள்ளிக்கூடங்களில் நடக்கும் லொப்பமார்க்கெட்டுக்கு, பழைய சாமான் சந்தைக்கு, வந்து சேரும். அரச இலச்சினை பொறித்த பித்தளைத் தட்டு ஒன்றை, வாஃபல் சுடும் இரும்புக்குக் கீழே இருந்து இழுத்தெடுத்தேன். இதைப் பார்த்த என் மனைவி சொன்னாள்: "ஊரிலை இவனுக்குப் பயந்து பங்கருக்கை இருந்தம். இஞ்சை வந்து இவனை அலுமாரிக்கை வைச்சிருக்கிறம். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தானே வேணும்."

கிடைக்காமல் இருந்தது ஒன்றே ஒன்று. யாழ்ப்பாணத்தின் மேல் ஹெலியிலிருந்து, ஆமியின் ஹெலிகொப்டரிலிருந்து, போட்ட நோட்டீஸ். மேலே அந்த முகம், கீழே தமிழ் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். வயல், கிணற்றடி, கோயில் கூரை என்று எல்லா இடமும் விழும். நான் பொறுக்கியதையெல்லாம் அடுப்பு மூட்டத்தான் கொடுத்தேன். அடுப்புக்குப் போனதைத் தேடி இருபது வருடம் அலைந்தேன்.

போன மாசி மாதம் ஒஸ்லோவின் ஓரத்திலுள்ள ஸ்டோவ்னரிலிருந்து ஓர் அக்கா தொலைபேசியில் அழைத்தார். பாலர் பள்ளியில் வேலை செய்பவர், கோயிலில் கண்ட பழக்கம். அவருடைய அம்மா இறந்து, சூட்கேசைக் கிளறியபோது அந்த நோட்டீஸ் இருந்ததாம். "தம்பி, நீர் உந்தச் சனியனெல்லாம் சேர்க்கிறனீராம். இது என்ரை வீட்டிலை கிடக்கக் கூடாது. வந்து கொண்டு போம்." இரண்டு விரல்களால் மட்டும் பிடித்து, முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு நீட்டினார். நான் பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல வாங்கிக்கொண்டேன்.

பின்பக்கம் முழுதும் பென்சிலால் யாரோ கணக்குச் செய்திருந்தார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் கொப்பி கிடையாது, நோட்டீசின் பின்புறந்தான் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொப்பி. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், நல்ல சாமானை அழுக்காக்கி வைத்திருக்கிறார்களே என்று எரிச்சல்தான் வந்தது. முன்பக்கத்தை மட்டும் ஸ்கான் செய்தேன். மடிப்புகள் வெடித்திருந்ததால் அதைத் தடித்த மட்டையில் ஒட்டிவிட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இளமையில் ஊர்ச் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டிய கை இது. கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை கிண்டி, பூரிக்கட்டையால் உருட்டி, முகம் மேலே தெரிய, கணக்குகள் மட்டையோடு மறைய, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டினேன். ஒட்டிவிட்டு எட்ட நின்று ரசித்தேன்.

இரண்டு கிழமை கழித்து அக்கா திரும்பத் தொலைபேசி எடுத்தார். குரல் வேறு மாதிரி இருந்தது. பேர்கன் நகரத்தில் இருக்கும் அவருடைய மூத்த சகோதரி, நோட்டீசைக் கொடுத்துவிட்டதைக் கேள்விப்பட்டுக் குழறி அழுதிருக்கிறார். அந்தக் கணக்குகள் இவர்களுடைய தம்பி எழுதியவை. பதினெட்டு வயதில் அவனை ஆமி பிடித்துக்கொண்டு போனது. போனவன் வரவில்லை. சோதனைச் சாவடியில், இவன் யார், இப்போது எங்கே என்று கேட்பார்களே என்ற பயத்தில் கொப்பி, பள்ளிக்கூட றிப்போட், படம் எல்லாவற்றையும் அம்மா எரித்துவிட்டார். இந்த ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டார். ஆமிக்காரன் பையைக் கிண்டினால் முகத்தை மேலே காட்டுவார். ஜனாதிபதியின் முகத்தைக் கிழிக்க எந்தச் சிப்பாய்க்குத் துணிவு வரும்? அப்படியே இரண்டு பெண்பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாவடியாகத் தாண்டி ஒஸ்லோ வரை கொண்டுவந்திருக்கிறார். சின்னவள், அதாவது இந்த அக்கா, எங்கேயாவது வாய் தவறிச் சொல்லிவிடுவாள் என்று மூத்தவளிடம் மட்டும் சொன்னாராம். பிறகு அந்தப் பழக்கத்திலேயே சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"தம்பி, அவன் எழுதின ஒரு எழுத்தும் என்னட்டை இல்லை. நாளைக்கு வந்து எடுக்கட்டோ?"

"கொஞ்ச வேலை கிடக்கு அக்கா. பொறுத்துக்கொள்ளுங்கோ, நானே சொல்லுறன்," என்றேன். ஒட்டிவிட்டதை மறைத்தேன். தொலைபேசியை வைத்தபின் மட்டையின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தேன், தாளும் சேர்ந்து கிளம்பப் பார்த்தது, விட்டுவிட்டேன்.

நகரத்தில் பழைய தாள்களைத் திருத்துகிற ஒரு நோர்வேப் பெண்ணிடம் மட்டையோடு போனேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், மணந்தும் பார்த்தார். என்ன பசை என்று கேட்டார். கோதுமை மா என்றதும், "அப்படியென்றால் வழி இருக்கிறது," என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. தாள் மிகவும் மட்டமானது. எழுத்தை மீட்பதென்றால், முன்பக்கத்தின் மேல் ஒரு பலமான வெள்ளைத் தாளை ஒட்டித் தாங்கவைத்து, பின்னால் இருந்து மட்டையை ஈரமாக்கிச் சுரண்ட வேண்டும். அந்த வெள்ளைத் தாளைப் பிறகு எடுக்க முடியாது. எடுத்தால் எல்லாம் தூள்.

"ஒரு பக்கந்தான் தரலாம். உங்களுக்கு எந்தப் பக்கம் வேண்டும்?"

உடனே பதில் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால், யோசித்துச் சொல்கிறேன் என்றுவிட்டு மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் பஸ் ஓட்டுகிறவன். இரண்டாம் நாள் ஒரு தரிப்பை நிற்காமலே தாண்டிவிட்டேன், ஒரு கிழவர் மணியை விடாமல் அடித்தார். வீட்டில் மட்டையை எடுப்பேன், பார்ப்பேன், வைப்பேன், திரும்ப எடுப்பேன். ஸ்கான்தான் இருக்கிறதே என்று ஒரு மனம் சொல்லும். ஸ்கானை எவனும் கம்ப்யூட்டரில் செய்யலாம், கடதாசிதான் சாட்சி என்று மற்ற மனம் கத்தும். கணக்குத்தானே, கடிதமா என்றுகூட யோசித்தேன். ஒரு பெண்ணின் தொலைந்த தம்பியை எதிரியின் முகத்தோடு தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் மனைவி, "என்ன, பேயறைஞ்ச மாதிரித் திரியிறியள்?" என்று கேட்டாள். சொன்னேன். ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்தபடி சொன்னாள்: "உங்களுக்கு அலுமாரி நிறையச் சாட்சி. அப்பிடியொரு பெடியன் இருந்தவன் எண்டு காட்ட அந்த மனிசியிட்டை வேறை என்ன கிடக்கு?"

நான் அந்தத் திருத்துகிற பெண்ணை அழைத்து, பின்பக்கம் என்றேன்.

வேலை முடிந்ததும் அக்கா நான் இருக்கும் அம்மருட்டுக்கு வந்தார். கண்ணாடித் தாள் உறைக்குள் வைத்துக் கொடுத்தேன். தம்பி ஒரு நீண்ட வகுத்தல் கணக்கு பிழைத்து, அதைக் குறுக்கே வெட்டி, பக்கத்தில் திரும்பவும் செய்திருந்தான். இரண்டாம் முறையும் பிழைதான். அக்கா உறையின் மேல் விரலை வைத்து இலக்கம் இலக்கமாக நகர்த்தினார். அவர் குனிந்திருந்த நேரத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், பசையையும், அந்த மூன்று நாளையும். நிமிராமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசியிலை தந்திட்டீர்தானே," என்றார்.

பிறகு மறுபக்கம் திருப்பினார். வெறும் வெள்ளை.

"எங்கை அவன்ரை முகம்?"

"போட்டுது அக்கா. இதைக் காப்பாத்த அதை மூட வேண்டி வந்திட்டுது."

நல்லதாய்ப் போச்சு என்று சொல்வார் என நினைத்தேன்.  உறையைக் கைப்பைக்குள் வைத்து சிப்பை இழுத்தார். சப்பாத்தைப் போட்டார். கதவுப் பிடியில் கை வைத்தவர் அப்படியே நின்றார். ஐம்பத்தைந்து வயது, முப்பது வருடமாக இந்த நகரத்தில் ரயில் ஏறி இறங்குகிறவர். திரும்பி என்னைப் பார்த்த கண்ணில் இருந்தது வேறு வயது.

"தம்பி, வழியிலை ஆரும் மறிச்சால் இனி நான் எதைக் காட்டுறது?"

ரயிலில் நாலு தரிப்புத்தான். பட்டப்பகல். இங்கே மறித்தால் ரிக்கெற் பரிசோதகர்தான் மறிப்பார் என்று சொல்லியிருக்கலாம். ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். ஸ்டோவ்னர் வரும் வரைக்கும் அக்கா ஜன்னல் பக்கம் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார், நான் வழிப்பக்கம் இருந்தேன்.