அண்ணி சந்தேகப்படாத ஒரு ரிஜிஸ்டர்

என் அண்ணி யாரையும் லேசில் நம்புகிறவர் அல்ல. அண்ணன் கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்த பிறகும் எழுந்து வந்து மறுபடி இழுப்பார். அடுப்பை அணைத்துவிட்டேன் என்று நான் சொன்னால், போய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். கட்டிக்கொண்டு வந்த அண்ணன் பாவம், பழகிவிட்டார்.

மருந்துக் கிடங்கில் கணினி வேலை அண்ணிக்கு. குளிரறை வெப்பத்தைக் கவனிக்கும் நிரல் ஏதோ பழைய சிப்புக்காக எழுதியது. அந்த இயந்திரம் மண்டையைப் போட்டதும், நிரலைப் புதுக் கணினியில் ஓட்ட, அந்தப் பழைய சிப்பைப் போலவே நடிக்கும் ஓர் எமுலேட்டரை அண்ணியே எழுதினார். சிப்புக்குள் எண்களை வைக்கும் சின்னப் பெட்டிகள்தான் ரிஜிஸ்டர்கள். 'சென்சாரைப் படித்துச் சொல்' என்று நிரல் இயங்குதளத்திடம் கேட்கும்போது, எந்தப் பெட்டியில் கேள்வி, எதில் பதில் என்பது சிப்புக்குச் சிப்பு மாறும். எமுலேட்டர் நடுவில் நின்று மாற்றி வைக்கும்.

ஒரு திங்கட்கிழமை குளிரறை சூடேறி, மருந்து மொத்தமும் வீண். கடைசிவரை, எல்லாம் சரி என்கிற பச்சை விளக்குதான் எரிந்தது என்று அதைப் பார்த்துக்கொள்ளும் குளிரறைக்காரர் சத்தியம் செய்தார். மேலாளர் நம்பவில்லை. வாரக் கடைசியில் வேலையை விட்டு நிறுத்துவதாகச் சொல்லிவிட்டார்.

"சிவப்பு எரிஞ்சிருக்கும். அலாரத்த அமுக்கிட்டுக் கதையளக்கறாரு," என்றார் அண்ணி வீட்டில்.

எலெக்ட்ரீஷியனையும் விடவில்லை, துப்புரவு செய்கிற அம்மாவையும் குடைந்து எடுத்தார். அண்ணனுக்கே பொறுக்கவில்லை.

"ஊரையே சந்தேகப்பட்டாச்சு. உன் எமுலேட்டர் மட்டும் என்ன, வானத்துலேர்ந்து குதிச்சுதா?"

அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் மறுநாள் போனதும் சென்சார் கேபிளைத் தன் கையாலேயே பிடுங்கினார். பச்சை எரிந்துகொண்டே இருந்தது. உட்கார்ந்து தன் எமுலேட்டரை வரிவரியாகப் படித்தார்.

புது இயங்குதளம் தோல்வியைப் பதில் பெட்டியிலேயே எதிர்மறை எண்ணாகப் போடும். பழைய சிப்பில் அதற்கென்று தனிப் பெட்டி: பூஜ்யம் என்றால் வெற்றி, ஒன்று என்றால் தோல்வி. அந்தப் பெட்டியை அண்ணியின் எமுலேட்டர் தொடவே இல்லை. அன்று சென்சாரிடமிருந்து பதிலே வராதபோதும், முன்பு கிடந்த பூஜ்யத்தைப் பார்த்து, படித்தாயிற்று என்று நம்பிய நிரல், பழைய வெப்பநிலையையே இப்போதையதாக எடுத்துக்கொண்டது.

"கேபிள் கழண்டுதுன்னு சொல்லிடலாமே. உங்க பேரு எதுக்கு?" என்றார் மேலாளர்.

"கழண்டா சிவப்பு எரியணும் சார். எரிய விடாம பண்ணது நான். அவரு பொய் சொல்லல."

குளிரறைக்காரரின் வேலை தப்பியது. நிரலைச் சரிசெய்துவிட்டு அண்ணி நேரே அவரிடம் போனார்.

"தப்பு என்னுதுண்ணே. உங்கள அநியாயமா சந்தேகப்பட்டுட்டேன். இப்ப சரி பண்ணிட்டேன், இனிமே விளக்க நம்பலாம்."

"சரிம்மா," என்றார் அவர். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சட்டைப்பையிலிருந்து தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்து, அண்ணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து உள்ளே போனார்.

இதைக் கேட்டு எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் வந்தது. அண்ணிக்கு வரவில்லை.

"நானா இருந்தாலும் அப்படித்தான் பாத்திருப்பேன்," என்று சொல்லிவிட்டு, தேம்பித் தேம்பி அழுதார்.