டேப் அக்காவின் தொழில் ரகசியம்

அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் பதினான்கு பேர் விபத்து வண்டிகளின் கோப்புகளைப் பார்த்தார்கள். கோப்பு என்றால் காகிதமில்லை. பிரவுசரில் ஆளுக்கு முப்பது டேப். கன்ட்ரோலோடு 'ஏ'யை அழுத்தப் போன விரல் சறுக்கி 'டபிள்யூ'வில் விழுந்தால், அரைமணி நேரமாகப் பார்த்த டேப் கண்ணெதிரே மாயமாகும். உடனே ஓர் அலறல் கேட்கும். "அக்கா!"

பதினைந்தாவது மேசையிலிருந்து அக்கா எழுந்து வருவாள். ஐம்பதை நெருங்குகிறவள், நடையில் மட்டும் தலைமை மருத்துவர். "எந்திரிங்க. ஜன்னலைப் பாருங்க" என்பாள். அந்த ஆள் ஜன்னலைப் பார்த்ததும் வலக்கையை விசைப்பலகைமேல் கவிழ்த்து மறைத்துக்கொண்டு, இடக்கையால் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அமுக்குவாள். போன டேப் வந்து நிற்கும்.

"எப்படிக்கா?"

"அதெல்லாம் கைவந்த கலை."

இணையத்தில் தேடினால் யாருக்கும் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். கூப்பிட ஓர் அக்கா இருக்கும்போது எவன் தேடுவான்? அவளும் வாய் திறக்கவில்லை. வீட்டில் அவளை அப்படிக் கூப்பிட ஆளில்லை. கணவர் ஏழு மணி நேர ரயில் தூரத்தில், பாலம் கட்டும் கம்பெனியில் அளவு எடுக்கிறார். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைக் குடித்தனம். அவருடைய நல்ல சட்டை எந்த ஊரில் கிடக்கிறது என்பதே இருவருக்கும் தெரியாது.

அவர் இருக்கும் ஊருக்கு இடமாற்றம் கேட்டு வருடத்துக்கு ஒருமுறைதான் விண்ணப்பிக்கலாம். மேலாளர் தன் கருத்தை எழுதி வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். அவள் இரண்டு முறை நினைவூட்டினாள். "அது என் பொறுப்பும்மா" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு மேலாளர் அறையிலிருந்தே அலறல் வந்தது.

"ஒண்ணு எழுதிட்டு இருந்தேம்மா, பொசுக்குன்னு போயிடுச்சு."

"ஜன்னலைப் பாருங்க சார்."

முதல் அமுக்கில் முடி கொட்டுவதை நிறுத்தும் எண்ணெய் ஒன்று வந்தது. அக்கா பெருந்தன்மையாக அதைத் தாண்டினாள். இரண்டாவதில் அவளுடைய விண்ணப்பமே வந்தது. கீழே மேலாளரின் கருத்து: 'மிகச் சிறந்த பணியாளர். மூடிப்போன டேப்பைத் திறக்க இவரைத் தவிர இங்கே எவருக்கும் தெரியாது. எனவே விடுவிக்க இயலாது.'

"ஆங், அதேதான்! உங்களைப் பத்தி ஒசத்தியாத்தான் எழுதியிருக்கேன், படிச்சீங்களா?"

அக்கா அதை இரண்டாம் முறையும் படித்தாள். யார்மீது கோபப்படுவது? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவள் அவள்தானே.

"அனுப்பிடாதீங்க சார். பத்து நிமிஷம்."

கூடத்தின் நடுவில் நின்று கைதட்டினாள். "எல்லாரும் வாங்க. யாரும் ஜன்னலைப் பார்க்க வேணாம்." பதினான்கு தலைகள் ஒரு விசைப்பலகைமேல் கவிழ்ந்தன. அவள் மூன்று விசைகளையும் காட்டினாள். மூடினாள், திறந்தாள். ஒவ்வொருவரையும் உட்காரவைத்துச் செய்யச் சொன்னாள். சுண்டுவிரல் எட்டாதவருக்கு இரண்டு கையாலும் அமுக்கக் கற்றுக்கொடுத்தாள்.

"இவ்வளவுதானா?" என்றார் ஒருவர். "இதுக்கா மூணு வருஷமா ஜன்னலைப் பார்த்தேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் நேராக மேலாளரிடம் போனாள். "இப்ப எல்லாருக்கும் தெரியும் சார். அந்த வரியை எடுத்துடுங்க."

வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்த மேலாளர் மனம் நெகிழ்ந்து போயிருந்தார். அந்த வரியை அழித்தார். அந்த இடத்தில் வேறொன்றை நிதானமாக அடித்து, அவள் எட்டிப் பார்ப்பதற்குள் அனுப்பியும் விட்டார்.

"பத்தே நிமிஷத்துல பதினாலு பேருக்குக் கத்துக்கொடுத்தீங்களேம்மா! இந்த மாதிரி ஆளை விட்டுட்டு நான் என்ன பண்றது?"

அக்கா மாடிப்படியில் நின்று கணவரைக் கூப்பிட்டாள்.

"இந்த வருஷமும் இல்லீங்க."

"ஏன், என்னவாம்?"

"நான் நல்லா வேலை பார்க்கிறேனாம்" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.