பியூஸ் கட்டையைத் தர மறுத்தேன்

அறுபதுகளின் தொடக்கம். ஜாலான் புசார் தெருப் பக்கம், கீழே கடையும் மேலே வீடுமான ஒரு கடைவீட்டின் மாடியில், ஒற்றை அறையில் நானும் என் கணவரும் வாடகைக்கு இருந்தோம். எனக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டுக்காரர், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள் எல்லோரும் அதே மாடிதான். குளியலறை பொது.

வீட்டுக்காரர் ஏலத்தில் ஒரு பழைய வாட்டர் ஹீட்டர் வாங்கி வந்தார். அந்தக் கடைவீட்டு வரிசையில் வேறு யார் வீட்டிலும் அது கிடையாது. வயர்மேனைக் கூப்பிடாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்று அவரே மாட்டினார். பக்கத்து வீட்டாரை எல்லாம் அழைத்துவந்து காட்டினார்.

மறுநாள் காலை குளிக்கப் போனேன். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று ஹீட்டரின் குழாயைத் தொட்டதும் விரலிலிருந்து முழங்கை வரை சுரீரென்று இழுத்தது. கையை உதறிக்கொண்டு வெளியே ஓடிவந்து சொன்னேன். வீட்டுக்காரர் மரச்செருப்பு டக்டக்கென்று ஒலிக்க உள்ளே போனார். குழாயைப் பிடித்துக் காட்டினார்.

“எனக்கு ஒண்ணும் அடிக்கல. பிள்ள பெத்த உடம்பு, நடுங்கியிருக்கும் லா.”

“செருப்பைக் கழட்டிட்டுத் தொடுங்கண்ணே” என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். கழற்றவில்லை. “கரண்ட்டைப் பத்தி நீ எனக்குச் சொல்லிக் குடுக்கிறியா? பிடிக்கலன்னா வேற வீடு பாத்துக்கிங்க” என்றார்.

என் கணவர் அறை வாசலில் நின்று, பேசாமல் இரு என்று கண்ணைக் காட்டினார். வேறு அறை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்காரரின் கடைசிப் பெண் துண்டோடு குளியலறைப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். அவளும் வெறுங்கால்தான். அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. படியோரம் இருந்த மெயின் சுவிட்சை அணைத்தேன். பியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் இறுக்கிக்கொண்டேன். பாடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது, மின்விசிறி நின்றது. வீடே அமைதியானது.

“குடு அதை” என்றார் வீட்டுக்காரர்.

“வயர்மேன் வந்து பாக்கட்டும். அப்புறம் தரேன்.”

“யார் வீடுன்னு நினைச்சே?”

“வீடு உங்களோடதுதான். உசுரு எங்களோடது.”

என் கணவர் பக்கத்தில் வந்து, “குடுத்துடும்மா” என்று கெஞ்சினார். நான் அசையவில்லை. கட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் வீட்டுக்காரரின் மனைவி சமையலறையிலிருந்து வந்தார். கணவர் எதிரில் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. “அந்தப் பிள்ள சொல்றது நிசந்தான். நேத்து ராத்திரி எனக்கும் அடிச்சுது. நீங்க திட்டுவீங்கன்னு சொல்லல” என்றார். வீட்டுக்காரர் படியிறங்கிப் போனார்.

மதியம் ஒரு சீன வயர்மேனோடு திரும்பினார். வயர்மேன் ஹீட்டரின் மூடியைக் கழற்றியதும் உள்ளே பச்சை வயர் எங்கும் சேராமல் தொங்கியது. அதுதான் எர்த், கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் வயர். இன்னொரு வயரின் உறை வெடித்து, தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. வயர்மேன் வீட்டுக்காரரைப் பார்த்து, மலாயில் ஒரே வார்த்தை சொன்னார்: “மாத்தி.” சாவு என்று அர்த்தம். அவர் எல்லாவற்றையும் சரிசெய்த பிறகே பியூஸ் கட்டையைக் கொடுத்தேன்.

வீட்டுக்காரர் நன்றி சொல்லவில்லை. மாதக் கடைசியில் எங்களைக் காலி செய்யச் சொன்னார். கைக்குழந்தையோடு இதைவிடச் சின்ன அறைக்குப் போனோம். கிளம்பும்போது அவர் மனைவி மட்டும் கீழே வரை வந்து, குழந்தையின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

அடங்கிப் போயிருந்தால் அந்த அறை எங்களுக்கு நிலைத்திருக்கும். ஆனால் என் உடம்பு உணர்ந்த ஆபத்தை ‘உனக்கென்ன தெரியும்’ என்று யார் தள்ளிவிட்டாலும், இருந்த இடத்தைவிட்டு நகராமல் நிற்க அன்று கற்றுக்கொண்டேன். இன்றுவரை அப்படித்தான் நிற்கிறேன்.