இங்க கொண்டா

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது வயது பத்தொன்பது. அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம், கிரீஸும் கையுமாகவே போயிற்று. கதவில் காதை வைத்தால் போதும், எந்த மாடியில் எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட ஆளைத்தான் கம்பெனி இரண்டு வருடம் முன்பு ஆறு பேருக்குத் தலைவராக்கி, ஒரு சுழல் நாற்காலியும் கொடுத்தது. நாற்காலி பாவம், சுற்றவும் வழியில்லாமல் காலியாகவே கிடந்தது.

அவர் அதில் உட்கார்ந்தால்தானே? எங்கே யார் லிஃப்டின் கண்ட்ரோல் பெட்டியைத் திறந்தாலும் பின்னாலேயே போய் நிற்பார். இரண்டு நிமிடம் பார்ப்பார். மூன்றாவது நிமிடம் கை பரபரக்கும். "இங்க கொண்டா" என்று ஸ்பேனரைப் பிடுங்கி, பத்தே நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுத்தான் நிமிர்வார். ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நிற்பார்கள். அவருக்குக் கெட்ட எண்ணம் எள்ளளவும் கிடையாது. உதவி செய்கிறோம் என்றே மனதார நம்பினார்.

அந்த ஆறு பேரில் கெட்டிக்காரி, 'விசாரணை' என்று பட்டப்பெயர் வாங்கிய பெண். பதினோரு வருட அனுபவம். கட்டிடத்துக் காவல்காரர், பெருக்கும் அம்மா, விளையாடும் பிள்ளைகள் என்று எல்லோரையும் விசாரித்த பிறகுதான் இயந்திரத்தைத் தொடுவாள். "லிஃப்ட் பாக்க வந்தியா, கதை கேக்க வந்தியா?" என்று அவர் சிடுசிடுப்பார். அவள்தான் வெள்ளிக்கிழமை வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டுக் கடிதம் கொடுத்திருந்தாள். காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: "இங்கே எனக்கு வேலை இல்லை."

திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நாளாகக் கடிதம் அவர் சட்டைப்பையில் கிடந்து கசங்கியது. அவளை விடவும் மனமில்லை, விஷயமும் பிடிபடவில்லை. "மூச்சு விட நேரமில்ல, இவளுக்கு வேலை இல்லையாமே!" என்று வீட்டில் புலம்பினார். மனைவி கடிதத்தை வாங்கிப் படித்தாள், அவரை ஏற இறங்கப் பார்த்தாள், மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனனின் புது வீட்டைப் பார்க்க இருவரும் ஒரு பெரிய தர்பூசணியோடு கிளம்பினார்கள். வீடு ஆறாவது மாடி. லிஃப்ட் மூன்றைத் தாண்டியது, ஒரு குலுக்கல் குலுக்கியது, நின்றுவிட்டது. கையில் ஒரு திருப்புளிகூட இல்லை. இன்டர்காமில் காவல்காரரைக் கூப்பிட்டு, தான் யாரென்பதையும் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த லிஃப்டும் அவர் கம்பெனி பராமரிப்புதான்; அரைமணி நேரத்தில் அன்றைய டியூட்டி ஆட்கள் வந்து மொட்டைமாடி மெஷின் அறைக்கு ஏறினார்கள். வந்தது விசாரணையும், மீசை என்ற இன்னொரு மெக்கானிக்கும். இன்டர்காம் திறந்திருப்பது மீசைக்குத் தெரியவில்லை.

"அக்கா, உள்ள மாட்டினது யாரு தெரியுமா? நம்ம கொண்டா சார்!"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வீட்லயும் அதே பேருதாங்க. உங்க பொண்ணு வெச்சது."

"ரீசெட் பண்ணு! மூணாவது ரிலே சுவிட்ச் ஒட்டியிருக்கும், தட்டி விடு!" என்று அவர் இன்டர்காமில் கத்தினார்.

"சார், ஆள் உள்ள இருக்கும்போது ரீசெட் பண்ணக் கூடாது. ஆபீஸ் சுவத்துலயே எழுதி ஒட்டியிருக்கு," என்றாள் விசாரணை.

"யாரு எழுதினது?"

"நீங்கதான் சார்."

"ஏங்க, கொஞ்சம் வாய மூடிட்டு உக்காருங்க," என்றாள் மனைவி. அவர் தர்பூசணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பார்க்கவும் முடியாது, தொடவும் முடியாது. கேட்க மட்டும்தான் முடியும்.

கரண்டை அணைத்தார்கள். இனி ஒருவர் பிரேக்கைத் தளர்த்த, இன்னொருவர் கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை இறக்க வேண்டும்.

"நீ சக்கரத்தப் பிடி. நான் பிரேக்க பாத்துக்கறேன்," என்றது விசாரணையின் குரல்.

"நானா? இத்தன வருஷத்துல நான் சுத்தினதே இல்லக்கா. கை நடுங்குது."

"நடுங்கட்டும். நான் இங்கதானே இருக்கேன். அவசரமே இல்ல. கொஞ்சமா சுத்து... போதும், நிறுத்து... இப்ப இன்னும் கொஞ்சம்."

லிஃப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கியது. அவரானால் இதற்குள் முடித்திருப்பார். ஆனால் நெஞ்சைக் குத்தியது அதுவல்ல. "அவன் நாலு வருஷமா நம்ம டீம்ல இருக்கான். சக்கரத்த ஒருதரம்கூடத் தொட்டதில்லையாமே," என்றார் மெதுவாக.

"நீங்க குடுத்தாத்தானே?" என்றாள் மனைவி. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பாக்கெட்டில் இருந்த அந்த ஒரு வரியின் அர்த்தம் அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவது மாடியில் கதவு திறந்தது. தர்பூசணியை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் படியேறி ஓடினார். விசாரணை ஐந்தாவது மாடியில் ஒரு வீட்டம்மாவை விசாரித்துக்கொண்டிருந்தாள். அந்த மாடிக் கதவு காலையிலிருந்தே சரியாக மூடவில்லையாம். கீழே பார்த்தால், கதவு ஓடும் பள்ளத்தில் ஒரு துண்டுப் பென்சில். கதவு மூடியும் மூடாமலும் நின்றதால்தான் லிஃப்ட் பாதி வழியில் உயிரை விட்டிருக்கிறது. மூன்றாவது ரிலே எந்தப் பாவமும் அறியாது.

மீசை குனிந்து திருப்புளியால் பென்சிலை நெம்பிக்கொண்டிருந்தான். அது வருவதும் வழுக்குவதுமாக இருந்தது. அவருடைய கை தானாக நீண்டது. "இங்க கொ..." என்றவர் சட்டென்று நிறுத்தி, கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். கடிதம் தட்டுப்பட்டது. அதை வெளியே எடுத்தார்.

"வேலை இல்லன்னு எழுதியிருந்தியே, இப்பத்தான்மா புரியுது. எல்லாருடைய வேலையையும் நான்தான் பிடுங்கிக்கிட்டேன். உனக்குப் போகணும்னா கையெழுத்துப் போட்டுடறேன். நீயே சொல்லு."

விசாரணை அவரைப் பார்த்தாள். மீசையின் திருப்புளியைப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

"இங்க கொண்டாங்க சார்."

வாங்கிய கடிதத்தில் விரல் விரலாக கிரீஸைத் துடைத்து, கசக்கிக் கருவிப்பைக்குள் போட்டாள். அந்த நேரம் பார்த்துப் பென்சிலும் வெளியே வந்தது.

ஆறாவது மாடியில் மைத்துனன் தர்பூசணியைக் கோணல்மாணலாக வெட்டினான். அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, வெட்டி முடியும்வரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.