பன்னிரண்டு எட்டு

மலாக்காவிலிருந்து ரெம்பியா போகும் இரண்டு மணி பஸ்ஸில் ஆறே பயணிகள். ஆறு பேருக்கும் டிக்கெட் கிழித்தாயிற்று. ஆனாலும் கண்டக்டர் ஜெயமணி நடக்கிறார். முன்பக்கம் பன்னிரண்டு எட்டு, பின்பக்கம் பன்னிரண்டு எட்டு.

"நடந்தே ரெம்பியா போயிருவ போலிருக்கே. நான் எதுக்கு ஓட்டறேன்?" என்கிறார் டிரைவர் தாவூது.

"நீங்க ஓட்டற ஓட்டுக்கு நான்தாண்ணே மொதல்ல போய்ச் சேருவேன்."

ஜெயமணிக்கு வயது முப்பத்தெட்டு. கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை. இரு கன்னங்களிலும் சிவந்த தடிப்பு. பள்ளிக்கூடப் பெண் யாராவது "மேக்கப்பாக்கா?" என்றால், "ஆமா லா, வெயிலு சும்மா போட்டு விட்டுச்சு" என்பார். விரல் மூட்டுகள் வீங்கிய நாளில் பெல்லை முழங்கையால் அழுத்துவார்.

நோயின் பெயர் லூபஸ். டாக்டர் சொன்னதை பஸ் முழுக்கக் கேட்கும்படி விளக்குவார். "செல்லுக்குள்ள குட்டிக் குட்டிப் பட்டறை இருக்காம். ரைபோசோம்னு பேரு. புரதம் செய்யற எடம். அந்தப் பட்டறையோட சொந்தப் புரதத்தையே என் ரத்தம் எதிரின்னு அடிக்குதோன்னு சந்தேகம். டிக்கெட் செக்கர் ஏறி டிரைவரையே எறக்கி விட்டா எப்படி? அந்தக் கததான்."

இரண்டு மாதமாகத் தூக்கமில்லை, உட்கார முடியவில்லை. நோய் மூளையைத் தொட்டுவிட்டதா, அதற்குச் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரை செய்யும் வேலையா என்று டாக்டருக்கே குழப்பம். நோயென்றால் மாத்திரையைக் கூட்ட வேண்டும். மாத்திரையென்றால் குறைக்க வேண்டும். அந்தப் புரதத்தைத் தாக்கும் பொருள் ரத்தத்தில் இருந்தால் நோயின் மேல் சந்தேகம் வலுக்கும் என்று, ரத்தத்தைக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள்.

மாமியார் பெரியநாயகிக்குப் பரிசோதனையே வேண்டியிருக்கவில்லை. "கல்யாணத்தன்னைக்கே பந்தியில உக்காராம சுத்துனவ. வியாதியாம் வியாதி."

அதுதான் ஜெயமணியை அரிக்கிறது. "வியாதியும் இல்ல, மாத்திரையும் இல்லன்னு வந்துட்டா, அப்ப இது நான்தானாண்ணே?" என்று போன வாரம் தாவூதிடம் கேட்டார்.

இன்று காலை முடிவு கேட்கக் கிளினிக்குக்குப் போய் வந்திருக்கிறார். வழியில் டுரியான் துங்கல் ஊரும் தாண்டியாயிற்று, முடிவை இன்னும் சொல்லவில்லை. தாவூது அவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார்.

பன்னிரண்டாவது எட்டில் நிற்கிறார். "இருக்காம்ணே. நெறயவே இருக்காம். மாத்திரைய கூட்டிட்டாங்க."

"நல்ல சேதியா, கெட்ட சேதியா?"

"தெரியல லா. ஆனா, நான் இல்ல."

டிக்கெட் கட்டிலிருந்து ரெம்பியாவுக்குத் தனக்கென ஒன்று கிழிக்கிறார். அதற்கான காசைத் தன் கைப்பையிலிருந்து எடுத்துக் கண்டக்டர் பையில் போடுகிறார். டிரைவருக்குப் பின்னால் உட்கார்கிறார். செருப்புக்குள் கால்விரல்கள் இன்னும் நடக்கின்றன. எந்த நிமிடமும் செக்கர் ஏறலாம் என்பதுபோல, டிக்கெட்டை விரலிடுக்கில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்கிறார்.